பெட்டியிலுள்ள பணம் யாருடையது?

மனிதனுக்கு ஏதேனும் ஒன்றின் மீது தனி நாட்டம் இருப்பது இயல்பு. ஒருவர் தபால் தலை சேர்க்கின்றார். மற்றொருவர் பழைய வெள்ளி ரூபாய்களைத் தேடி ஞாயிற்றுக்கிழமை தோறும் சந்தைக்குச் செல்கின்றார். இன்னொருவர் பேனா, கைக்கடிகாரம் என்று வாங்கி வைக்கின்றார். நம் வீட்டுப் பெண்களில் சிலர் பீங்கான் கோப்பைகளையும் தட்டுகளையும் கண்ணாடி அலமாரியில் அடுக்கி அழகு பார்க்கின்றார்கள். இந்த நாட்டமெல்லாம் தனி ஆளாக இருக்கும் வரை அவரவர் சொந்த விஷயம். நிக்காஹ் முடிந்து, இருவரும் ஒரே பெட்டியிலிருந்து எடுத்துச் செலவு செய்யத் தொடங்கிய பிறகோ அது மார்க்கச் சட்டத்தின் எல்லைக்குள் வந்துவிடுகின்றது. ஏனெனில் அங்கே மற்றொருவரின் ஹக்கு, அதாவது உரிமை, கலந்திருக்கின்றது.

இதைப் பற்றி ஷரீஅத் என்ன சொல்கின்றது என்பதை இம்மாதம் பாடமாகப் பார்ப்போம்.

சேகரிப்பது கூடுமா?

நாணயம், தபால் தலை போன்றவற்றைச் சேகரிப்பது அடிப்படையில் முபாஹ், அதாவது அனுமதிக்கப்பட்ட செயலாகும். மன்னர்களின் உருவம் பொறித்த நாணயத்தை வீட்டில் வைக்கலாமா என்று சிலர் கேட்கின்றார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில் அரபு நாட்டில் புழங்கியவை ரோமப் பேரரசின் தீனார்களும் பாரசீகத்தின் திர்ஹம்களுமே. அவற்றில் அந்நாட்டு அரசர்களின் உருவங்கள் இருந்தன. ஸஹாபாக்கள் அவற்றைக் கொண்டே கொடுக்கல் வாங்கல் செய்தார்கள்; ஜகாத்தும் கொடுத்தார்கள். உருவமின்றி எழுத்துக்கள் மட்டுமே பொறித்த தீனாரை கலீஃபா அப்துல் மலிக் வெளியிட்டது ஹிஜ்ரி 77-ஆம் ஆண்டில்தான். ஆகவே அத்தகைய நாணயத்தைப் பத்திரப்படுத்துவதே குற்றம் என்று சொல்வதற்கில்லை.

இதில் கல்விப் பயனும் உண்டு. மைசூர் திப்பு சுல்தான் தம் தங்க நாணயங்களுக்கு அஹ்மதி, ஸித்தீகி, ஃபாரூக்கி என்று பெயரிட்டிருந்தார். அவற்றைக் கையில் எடுத்துக் காட்டி ஒரு தந்தை தம் பிள்ளைக்குச் சரித்திரம் சொல்லிக் கொடுப்பாரானால் அது நல்ல செயலே.

ஆனால் முபாஹான செயல் எப்போதும் முபாஹாகவே நிற்பதில்லை. கடமையைத் தவறச் செய்தாலும், பிறர் உரிமையைத் தின்றாலும் அதுவே பாவமாகிவிடுகின்றது. உண்ணுங்கள், பருகுங்கள், வீண் விரயம் செய்யாதீர்கள் என்ற கருத்தில் அல்லாஹுத்தஆலா கட்டளையிடுகின்றான் (7:31). உண்பதும் பருகுவதும் தேவையானவை. அவற்றிலேயே எல்லை உண்டு என்றால், வெறும் ஆசைக்காகச் செய்யும் செலவில் எல்லை இராதா?

வணக்கத்திற்கே இடமில்லாத போது

அபுத்தர்தா (ரலி) அவர்கள் பகலெல்லாம் நோன்பு வைத்து இரவெல்லாம் நின்று தொழுபவர்கள். அவர்களின் சகோதரராக ஆக்கப்பட்டிருந்த ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்கள் ஒரு நாள் அவர்களுடைய இல்லத்திற்கு வந்தார்கள். அபுத்தர்தாவின் துணைவியார் அலங்காரமின்றி எளிய கோலத்தில் இருப்பதைக் கண்டு காரணம் கேட்டார்கள். உங்கள் சகோதரருக்கு இவ்வுலகத்தில் நாட்டமே இல்லை என்று அந்த அம்மையார் பதில் கூறினார்கள். பின்னர் ஸல்மான் (ரலி) அவர்கள் தம் நண்பரிடம், உம்முடைய ரப்புக்கு உம்மீது உரிமை உண்டு, உம்முடைய உடலுக்கு உரிமை உண்டு, உம்முடைய குடும்பத்தாருக்கும் உரிமை உண்டு, ஒவ்வொருவருக்கும் அவரவர் உரிமையைக் கொடுத்துவிடும் என்று உபதேசித்தார்கள். செய்தி நபி (ஸல்) அவர்களிடம் சென்றபோது, ஸல்மான் உண்மையே சொன்னார் என்று ஒப்புதல் அளித்தார்கள் (புகாரி).

சகோதரர்களே! சிந்தியுங்கள். உபரியான தொழுகைக்கும் நோன்புக்குமே மனைவியின் உரிமையைப் பறிக்க அனுமதி இல்லை. அப்படியிருக்க, ஒரு தபால் தலைக்கும் ஒரு செப்புக் காசுக்கும் அந்த உரிமையைப் பறிக்க அனுமதி எங்கிருந்து வரும்?

ஒரு வீட்டு வழக்கு

ஆளை அடையாளம் காட்டாத வகையில் ஒரு வழக்கைச் சொல்கின்றேன். கடையொன்றில் கணக்கெழுதும் ஒரு சகோதரர். வீட்டில் தையல் தைத்துச் சம்பாதிக்கும் அவருடைய மனைவி. இருவருடைய பணமும் ஒரே அலமாரிப் பெட்டியில்தான் சேரும். கணவருக்குப் பழைய நாணயங்கள் மீது மோகம். ஒரு ஆண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்திற்கென ஒதுக்கியிருந்த தொகை நாணயமாக மாறிவிட்டது. கட்டணம் கட்டும் நாள் வந்ததும் மனைவியின் இரண்டு வளையல்கள் வட்டிக்கடைக்குப் போயின. ஒரு தவறை மறைக்க வட்டி என்னும் பெரும் பாவமும் வந்து சேர்ந்தது.

பேசித் தீர்க்க வந்தபோது அந்தச் சகோதரி, "ஹஜ்ரத், அவங்க ஆசையை விடச் சொல்லி நான் வரல்லே. பெட்டியிலேருந்து எடுத்த காசுலே என் தையல் காசு எவ்வளவுன்னு மட்டும் அவங்க சொல்லட்டும்" என்றார்.

கணவரோ, "எல்லாம் வீட்டுப் பணந்தானே ஹஜ்ரத்? உன்னுது என்னுதுன்னு பிரிச்சா குடும்பம் எப்படி நடக்கும்?" என்றார்.

கணவரின் சொல் கேட்பதற்கு இனிமையானது. நம் வீடுகளில் பெரும்பாலும் சொல்லப்படுவதும் அதுவே. ஆனால் சட்டப்படி சரியான கேள்வியைக் கேட்டவர் மனைவிதான்.

மனைவியின் பொருள் மனைவிக்கே

நிக்காஹ் ஆகிவிட்டது என்பதற்காக இருவருடைய பொருளும் ஒன்றாகிவிடுவதில்லை. மனைவியின் மஹர், அவளுக்குத் தாய்வீட்டார் கொடுத்த நகை, அவள் உழைத்துப் பெற்ற கூலி, அவளுக்கு வந்த வாரிசுப் பங்கு அனைத்தும் அவளுடைய சொத்தே. அன்னை மைமூனா (ரலி) அவர்கள் தமக்குச் சொந்தமான ஒரு அடிமைப் பெண்ணை நாயகத்திடம் முன்கூட்டிச் சொல்லாமலே விடுதலை செய்தார்கள். பிறகு செய்தியைச் சொன்னபோது, உம் தாய்மாமன்மாருக்குக் கொடுத்திருந்தால் நன்மை இன்னும் அதிகமாக இருந்திருக்கும் என்று யோசனை கூறினார்களே தவிர, அந்தச் செயல் செல்லாது என்று நபி (ஸல்) அவர்கள் கூறவில்லை (புகாரி, முஸ்லிம்). இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மனைவி ஸைனப் (ரலி) அவர்கள் தம் பொருளிலிருந்து கணவருக்குச் செலவிட்டால் நன்மை உண்டா என்று கேட்டபோது, உறவைப் பேணிய கூலியும் தர்மத்தின் கூலியும் ஆக இரு கூலிகள் உண்டு என்று பதில் வந்தது. பொருள் ஏற்கெனவே கணவருடையதாக இருந்திருந்தால் அதற்குத் தர்மத்தின் கூலி எப்படிக் கிடைக்கும்?

பொதுப் பெட்டியில் போட்டால்?

இருவர் பணம் ஒரே பெட்டியில் கலந்துவிட்டால் உரிமை அழிந்துவிடுமா? அழியாது. கூட்டுச் சொத்தில் ஒருவர் மற்றவரின் பங்கைப் பொறுத்தவரை அந்நியரைப் போன்றவரே என்பது ஃபிக்ஹின் விதி. ஆகவே மனைவி பெட்டியில் போடும் பணம் எந்த எண்ணத்தில் போடப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும். அது மூன்று வகையில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது, அன்பளிப்பு. "இது உங்களுக்கு" என்று மனமுவந்து கொடுத்து அவரும் பெற்றுக் கொண்டால் அது கணவருடையதாகும். மஹரைப் பற்றிக் கூறும்போது கூட, அவர்களாகவே மனம் விரும்பி விட்டுக் கொடுத்தால் உண்ணலாம் என்றுதான் அல்லாஹ் அனுமதிக்கின்றான் (4:4). மன விருப்பம் என்ற நிபந்தனையைக் கவனியுங்கள். வாய் திறக்காமல் இருப்பதெல்லாம் மன விருப்பம் ஆகாது. சண்டைக்கு அஞ்சியும் பெண்கள் மௌனமாக இருப்பதுண்டு.

இரண்டாவது, கடன். "அவசரத்துக்கு எடுத்துக் கொள்ளுங்கள், பிறகு தாருங்கள்" என்று கொடுத்தால் அது கணவர் மீது கடன். மனைவியிடம் பட்ட கடனும் கடனே. அது அடைக்கப்படாமல் அவர் மௌத்தானால், வாரிசுகள் பங்கு பிரிக்கும் முன் அதை அடைக்க வேண்டும்.

மூன்றாவது, வகாலத்; ஒரு குறிப்பிட்ட செலவுக்காக ஒப்படைத்தல். "மளிகைக்கும் பிள்ளைகள் படிப்புக்கும்" என்று சொல்லிப் போட்ட பணம் அமானிதம். அதைச் சொன்ன வழியில் மட்டுமே செலவிடலாம். அதை எடுத்து நாணயம் வாங்கினால் அமானிதத்தில் மோசம் செய்ததாகும். எடுத்தவர் அதை ஈடு செய்தே தீர வேண்டும்.

நம் வீடுகளில் பெரும்பாலான மனைவியரின் பணம் இந்த மூன்றாவது வகையைச் சேர்ந்ததே. இதைப் புரிந்து கொண்டால் பாதிச் சச்சரவு தீர்ந்துவிடும்.

கணக்குப் பார்த்தால் பாசம் குறையும் என்று எண்ண வேண்டாம். குர்ஆனில் மிக நீளமான ஆயத்து கடனை எழுதி வைப்பதைப் பற்றியதாகும் (2:282). எழுதி வைப்பது சந்தேகத்தை நீக்கும் என்று அதிலேயே காரணமும் கூறப்படுகின்றது. சந்தேகம் நீங்கிய இடத்தில்தானே பாசம் நிலைக்கும்?

சகோதரிகளுக்கும் இதே சட்டம்

குடும்பச் செலவு கணவரின் கடமை. அவர் கொடுக்கும் மார்க்கெட் பணத்தைப் பிடித்து வைத்து, பிள்ளைகளின் தட்டில் குறைத்து, அவருக்குத் தெரியாமல் பீங்கான் வாங்கி அடுக்கும் சகோதரிகளும் உண்டு. ஹிந்த் (ரலி) அவர்கள் தம் கணவர் அபூஸுஃப்யான் போதிய செலவு தருவதில்லை என்று முறையிட்டபோது, உமக்கும் உம் பிள்ளைக்கும் வழக்கப்படி போதுமானதை எடுத்துக் கொள்ளலாம் என்று நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள் (புகாரி, முஸ்லிம்). அந்த அனுமதி தேவைக்கு மட்டுமே. அலமாரியின் அழகுக்காக எடுக்க அதில் இடமில்லை. உங்கள் சொந்தப் பணத்தில் வாங்குங்கள். அல்லது அவரிடம் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

விலையை மாற்றிச் சொல்லலாமா?

ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கியதை ஐம்பது ரூபாய் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, கணவன் மனைவிக்கிடையே பொய் கூடும் என்று ஹதீஸ் இருக்கின்றதே என வாதிடுவோர் உண்டு. அப்படி ஒரு ஹதீஸ் இருப்பது உண்மையே (முஸ்லிம்). ஆனால் அதன் பொருளை இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் முஸ்லிமின் விரிவுரையில் தெளிவாக்கியுள்ளார்கள். அன்பை வெளிக்காட்டும் சொற்கள் போன்றவற்றிற்கே அந்தச் சலுகை. ஒருவர் மற்றவருக்குச் செலுத்த வேண்டிய உரிமையைத் தடுப்பதற்கும், தமக்கு உரிமையில்லாததை எடுத்துக் கொள்வதற்கும் ஏமாற்றுவது ஹராம் என்பதில் முஸ்லிம்கள் அனைவரும் ஒன்றுபட்டுள்ளனர் என்று எழுதுகின்றார்கள். ஆகவே பிள்ளையின் கட்டணத்தை எடுத்துவிட்டு விலையை மறைப்பவருக்கு அந்த ஹதீஸில் ஒதுங்க இடம் கிடைக்காது.

செலவின் வரிசை

அப்படியானால் ஆசைக்கு எவ்வளவு செலவிடலாம்? ஷரீஅத் ஒரு தொகையை நிர்ணயிக்கவில்லை, வரிசையை நிர்ணயித்துள்ளது. மனைவி மக்களின் உணவு, உடை, உறைவிடம் முதலில். தம் பொறுப்பில் உள்ளவர்களைக் கைவிடுவதே ஒரு மனிதனின் பாவத்திற்குப் போதுமானது என்ற கருத்தில் ஹதீஸ் வந்துள்ளது (அபூதாவூத்). தவணை வந்த கடன், தேவையுள்ள பெற்றோரின் பராமரிப்பு, ஜகாத் ஆகியவையும் கட்டாயமானவை. பிறகு வருங்காலத் தேவைக்கான சேமிப்பு. நபி (ஸல்) அவர்களே பனூ நளீர் நிலங்களின் வருவாயிலிருந்து தம் குடும்பத்தாருக்கு ஓராண்டு உணவை ஒதுக்கி வைத்தார்கள் (புகாரி). அதன் பின் ஸதகா. இவை அனைத்தும் போக மீதமிருப்பதிலிருந்துதான் ஆசைக்கு.

உதாரணத்திற்கு, கணவரின் சம்பளம் 18,000 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். வாடகை, மளிகை, படிப்பு ஆகியவற்றுக்கு 15,000 ரூபாய். கடனுக்கும் சேமிப்புக்கும் 2,000 ரூபாய். மீதம் 1,000 ரூபாய். அதில் ஒரு பகுதியை ஸதகா செய்துவிட்டு, 500 ரூபாயை நாணயத்துக்கென்று தனிப் பையில் போடட்டும். ஒரு நாணயம் 3,000 ரூபாய் என்றால் ஆறு மாதம் பொறுத்திருந்து வாங்கட்டும். தனிப் பையில் பணம் இல்லாத மாதம் சந்தைக்கே செல்ல வேண்டாம். மனைவியின் தையல் பணத்திற்கும் இதே போல் ஒரு தனிப் பை இருக்கட்டும். பொதுப் பெட்டி குடும்பச் செலவுக்கு மட்டுமே என்று இருவரும் பேசி முடிவு செய்து கொள்ளட்டும்.

இவ்வளவுக்கு மேற்பட்ட தொகையென்றால் கேட்டுவிட்டே வாங்க வேண்டும் என்றும் ஒரு வரம்பு வைத்துக் கொள்வது நல்லது. குழந்தைக்குப் பால்குடி மறக்கச் செய்வதைக் கூட இருவரும் மனமொத்து, கலந்தாலோசித்துச் செய்ய வேண்டும் என்று குர்ஆன் கற்றுத் தருகின்றது (2:233). பால்குடிக்கே மஷ்வரா என்றால், அந்தக் குழந்தையின் படிப்புப் பணத்திற்கு வேண்டாமா?

மேலே கூறிய வீட்டிலும் இப்படித்தான் தீர்த்துக் கொண்டார்கள். பன்னிரண்டு நாணயங்கள் விற்கப்பட்டன. வாங்கிய விலை கிடைக்கவில்லை. வளையல்கள் மீண்டன. மனைவியின் பணத்தில் எஞ்சிய பாக்கி, கணவர் மீது கடனாக நோட்டில் எழுதப்பட்டது. மற்ற நாணயங்கள் அவரிடமே இருக்கின்றன.

ஜகாத்தை மறந்துவிடாதீர்கள்

தபால் தலை, பீங்கான், பேனா ஆகியவற்றை வியாபார நோக்கமின்றி வைத்திருந்தால் அவற்றிற்கு ஜகாத் இல்லை. லாபத்திற்கு விற்கும் நோக்கத்துடன் வாங்கியிருந்தால் அவை வியாபாரச் சரக்கு. சந்தை விலைக்கு ஜகாத் கொடுக்க வேண்டும்.

தங்க, வெள்ளி நாணயங்களின் நிலை வேறு. ஆல்பத்தில் வைத்தாலும் பூட்டில் வைத்தாலும் தங்கம் தங்கமே, வெள்ளி வெள்ளியே. 1835 முதல் 1939 வரை ஆங்கில ஆட்சியில் வெளியான வெள்ளி ரூபாயின் எடை ஒரு தோலா, அதாவது சுமார் 11.66 கிராம். அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு சுத்த வெள்ளி. அதாவது சுமார் 10.69 கிராம். ஹனஃபி மத்ஹபில் வெள்ளியின் நிஸாப் 52½ தோலா என்று நம் ஊர்களில் கணக்கிடப்படுகின்றது. வெள்ளி மிகுதியாக உள்ள கலப்பு முழுவதும் வெள்ளியாகவே கருதப்படுவதால், தேயாத 53 ரூபாய் நாணயங்கள் இருந்தாலே நிஸாப் எட்டிவிடும். ஷாஃபிஈ மத்ஹபில் சுத்த வெள்ளி மட்டுமே கணக்கு. 595 கிராம் என்று வைத்தால் 56 நாணயங்கள். தேய்ந்த நாணயங்களை நிறுத்துப் பார்த்துக் கொள்ளுங்கள். 1940 முதல் 1945 வரை வெளியானவற்றில் வெள்ளி பாதிதான்; அவற்றைத் தனியே பிரித்து உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக் கொள்ளுங்கள். சந்திர ஆண்டு ஒன்று நிறைவடைந்ததும் நாற்பதில் ஒரு பங்கு ஜகாத் கடமை. பிள்ளைகள் விளையாட்டாக எண்ணும் அந்தப் பெட்டிக்குள் ஏழைகளின் பங்கு பல ஆண்டுகளாக உறங்கிக் கொண்டிருக்கக் கூடும்.

786 நோட்டு

வரிசை எண்ணில் 786 உள்ள நோட்டுகளை அதிக விலை கொடுத்து வாங்கிச் சேர்க்கும் பழக்கம் நம்மவரிடையே உண்டு. பிஸ்மில்லாஹ்வின் எழுத்துக்களை அப்ஜத் கணக்கில் கூட்டினால் வரும் எண் அது. அந்த எண்ணுள்ள நோட்டில் பரக்கத் இருப்பதாகக் குர்ஆனிலோ ஹதீஸிலோ ஆதாரமில்லை. மேலும், புழக்கத்திலுள்ள பத்து ரூபாய் நோட்டை ஐந்நூறு ரூபாய் கொடுத்து வாங்குவது பணத்திற்குப் பணத்தைக் கூடுதலாகக் கொடுப்பதாகும். காகித நோட்டுகளுக்கும் வட்டியின் சட்டங்கள் பொருந்தும் என்று 1986-ஆம் ஆண்டு அம்மான் நகரில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி முடிவு செய்துள்ளது. பரக்கத்தைத் தேடிப் போய் வட்டியில் விழலாமா? தங்க, வெள்ளி நாணயங்களை வாங்கும்போதும் கடன் தவணையின்றிக் கைக்குக் கை முடித்துக் கொள்வதே பேணுதலாகும்.

எழுதி வையுங்கள், உள்ளத்தையும் பாருங்கள்

சேகரித்தவர் மௌத்தானால் அவை அனைத்தும் வாரிசுச் சொத்து. மதிப்புத் தெரியாமல் எடைக்குப் போட்டுவிடுவதும், ஒருவரே அமுக்கிக் கொள்வதும் நடக்கின்றன. எது என்ன விலை, யார் பணத்தில் வாங்கியது, யாருக்குப் பாக்கி என்பதை ஒரு நோட்டில் எழுதி, அந்த நோட்டு இருக்குமிடத்தை வீட்டாரிடம் சொல்லி வையுங்கள்.

அபூதல்ஹா (ரலி) அவர்கள் தம் தோட்டத்தில் தொழுது கொண்டிருந்தபோது ஒரு பறவை அங்குமிங்கும் பறந்தது. அவர்களின் பார்வை அதன் பின்னே சென்றது. எத்தனை ரக்அத் என்பது மறந்துவிட்டது. உடனே நாயகத்திடம் வந்து அந்தத் தோட்டத்தையே தர்மமாகக் கொடுத்துவிட்டார்கள் (முவத்தா). நம்மிடம் யாரும் தோட்டத்தைக் கேட்கவில்லை. பிறர் உரிமையில் கை வைக்காமல், தொழுகையில் நாணயத்தை எண்ணாமல் இருக்கவே கேட்கப்படுகின்றது.

நாம் மனைவியின் வாயில் ஊட்டும் ஒரு கவளத்திற்கும் கூலி உண்டு என்று ஸஅத் (ரலி) அவர்களிடம் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியுள்ளார்கள். வல்ல அல்லாஹ் நம் சம்பாத்தியத்தில் பரக்கத்தையும், செலவில் நடுநிலையையும், இல்லறத்தில் நம்பிக்கையையும் தந்தருள்வானாக! ஆமீன்.